நீ நிறுத்தச் சொன்ன படம்

பிரபுவுக்கு அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் ஷூ டப்பாவில் வருகிறது. வலது ஷூவுக்குள் கை விட்டால்தான் கிடைக்கும். அப்படித் திணித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேலாக வைத்தால், சாவகாசமாகப் படிக்கலாம் என்று எடுத்து மேசையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். காலை நுழைக்கும்போது இடித்தால் எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். வலது ஷூவின் மூக்கில் மட்டும் இரட்டைத் தோல் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ அந்தக் காலை இழுத்து நடப்பதால் உனக்கு எப்போதும் மூக்குதான் முதலில் தேயும். ஆம்பூரில் சாம்பிள் தைக்கிற ஆளிடம் கொடுத்தபோது, "அக்கா, இது ஷூவா, லாரி டயரா?" என்று கேட்டான். "லாரிதான்டா, புனேவுல ஓடுது, தை" என்றேன்.

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம்மை வைத்து எடுத்த ஆவணப்படத்தை இனிமேல் யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாய். படம் எடுத்த நிறுவனத்தார் அதைத் துடைத்துத் தெளிவாக்கி எல்லாப் பள்ளிகளுக்கும் புதிதாக அனுப்பப்போகிறார்களாம். நீ கூடாது என்று சொல்லிவிட்டாய். படத்தில் அம்மாவும் இருக்கிறார்கள், அன்றைக்குச் சம்மதம் கொடுத்ததும் அவர்கள்தான், அதனால் அவர்களும் சொல்ல வேண்டும் என்று நிறுவனத்தார் கேட்டிருக்கிறார்கள். நியாயமான பேச்சுதான். நான்தான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். பேரத்தில் பிடிக்காத விலை வந்தால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது என் பழக்கம். எதிராளி தானாக இறங்கி வருவான். நீயும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே, போன் செய்வதையே நிறுத்திவிட்டாய். இப்படி இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் வியாபாரம் எப்படி முடியும்? அதனால் இந்தத் தடவை நான் இறங்கி வருகிறேன். ஒரு வரி கேட்டவனுக்கு இத்தனை பக்கமா என்று சலித்துக்கொள்ளாதே. முழுக்கப் படி.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்குக் கழுத்து நிற்கவே இல்லை. அவருக்குத் தெரிந்த தொழில் தோல். எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. ஓட்டை விழுந்த தோல், தழும்பு உள்ள தோல் என்று கம்பெனிகள் ஒதுக்கியதை மொத்தமாக எடுத்து, நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, கைக்கடிகார வாருக்கும் சாவிக்கொத்துக்கும் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மேல்விஷாரத்துத் தோல் மண்டிக்குப் போய் நின்றேன். உன்னை யாரிடம் விடுவது? இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். (பின்னால் அந்தப் படத்தைப் போட்ட ஒரு கூட்டத்தில் ஒருத்தர் மைக்கைப் பிடித்து, ஒதுக்கப்பட்ட தோலில் நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது போல இந்தத் தாய் தன் பிள்ளையைக் கண்டுபிடித்தார் என்று பேசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோல் வேறு, பிள்ளை வேறு. உன்னில் வெட்டிப் போடுவதற்கு ஒரு மூலைகூட இல்லை என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். டீ கொடுத்துவிட்டார்கள், குடித்துக்கொண்டிருந்துவிட்டேன்.)

மண்டியில் விலை பேசும் விதம் உனக்கு நினைவிருக்கும். பத்துப் பேர் சுற்றி நிற்கும் இடத்தில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. பாதி விரலை மடக்கினால் அரை. பார்ப்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். இதில் எனக்கு என்ன சங்கடம் என்றால், நான் பொம்பளை. அங்கே சரக்கு விற்கும் கரீம் பாய் தங்கமான மனிதர், ஆனாலும் ஊர் நடுவில் என் கையைப் பிடித்து எப்படி விலை பேசுவார்? அவர் கூச்சப்பட்டு ஒதுங்கினார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் யோசித்தேன், என் மடியில் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருக்கிறானே என்று. உன் கையைத் துண்டுக்குள் விட்டேன். "பாய், நீங்க என் புள்ள கையில சொல்லுங்க, அவன் என் கையில சொல்வான்" என்றேன். சும்மா ஒரு ஒப்புக்குத்தான். அவர் உன் விரலைப் பிடித்த பிடியை நான் பக்கத்தில் கை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கணக்கு. உனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்படியே சில வருஷம் ஓடியது. ஒருநாள் கரீம் பாய் துண்டை உதறி எடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இன்னா பாய்?" என்றேன். "அட இன்னாமா நீ, நான் நாலு சொல்றேன், உன் புள்ள மூணுங்கறான். மறுபடி நாலு சொல்றேன், மறுபடியும் மூணையே புடிச்சினு வுட மாட்டேங்கறான். உன்னைக் கேக்கவே இல்ல, அவனே பேரம் பேசறான்மா!" என்றார். நீ எச்சில் ஒழுகிய வாயோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். பாகாயம் ஆஸ்பத்திரியில் உன் கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்த அம்மா, "இவன்கிட்ட நிறைய பேசுங்க, எல்லாத்தையும் கவனிக்கறான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். தலையாட்டிவிட்டு வருவேனே தவிர நம்பியதில்லை. அந்தத் துண்டுக்குப் பிறகுதான் நம்பினேன். அன்றைக்கு அந்தச் சரக்கை மூன்றரைக்கு முடித்தோம். வரும் வழியில் உனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். பாதியை என் ரவிக்கையில் பூசினாய்.

அந்தத் தைரியத்தில்தான் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிய டீச்சர் விரட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "ஏம்மா, இவன் பேசறது எனக்குப் புரியல. பென்சில் புடிக்கவும் வரல. இவனுக்கு இன்னா தெரியும், இன்னா தெரியாதுன்னு நான் எப்படிமா கண்டுபுடிக்கறது?" என்றுதான் கேட்டார். சரியான கேள்வி. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மேசைமேல் போட்டு, "கைய உள்ள வுட்டு ஏதாவது கணக்கு கேளுங்க டீச்சர்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழில் மூன்று போனால் எவ்வளவு என்றார். நீ நான்கு விரலைப் பிடித்தாய். ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்றார். ஒரு கை பிடித்து, விட்டு, மறுபடி மூன்று விரலைப் பிடித்தாய். இன்னும் ஏதேதோ கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் உனக்கு அலுத்துப்போய் அவர் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாய். "நாளையிலருந்து அனுப்புமா. துண்டையும் குடுத்தனுப்பு" என்றார்.

அதற்கு அப்புறம் நடந்ததை நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்கிறாயோ என்னவோ, நான் மண்டி முழுக்கச் சொல்லியிருக்கிறேன். வருஷக் கடைசியில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். போனால் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். "உன் புள்ள வந்ததுலருந்து என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுகூட கணக்குல முழு மார்க் வாங்குது. நான் ஏதோ என் சாமர்த்தியம்னு நெனச்சினு இருந்தேன். குனிஞ்சு பாத்தா எல்லாப் பசங்களும் மடியில கர்ச்சீப்ப விரிச்சு வெச்சினு உக்காந்திருக்கானுங்க. விடை உன் புள்ளகிட்டருந்து கிளம்பி கைமேல கையா போவுது!" என்றார். இம்ரான்தான் உனக்கு அடுத்து உட்கார்ந்து மொத்த வியாபாரத்தையும் நடத்தியவன். எல்லோரையும் பெஞ்சுமேல் ஏற்றித் தண்டனை கொடுத்தார். உன்னை ஏற்ற முடியாது. விட்டுவிடுவார் என்று பார்த்தால், "நீ மட்டும் இன்னா ஒசத்தி? உக்காந்தே காதைப் புடி" என்று சொல்லிவிட்டார். அந்த வகுப்பே காதைப் பிடித்து நின்றபோது நீயும் ஒரு காதைப் பிடித்து உட்கார்ந்திருந்தாய். இன்னொரு கை எட்டவில்லை, அந்தக் காதை இம்ரான் பிடித்திருந்தான். நான் டீச்சர் எதிரில் உன்னைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து கறி எடுத்துச் சமைத்தேன். ரிஜிஸ்டரில் உன் பெயரை எழுதிய நாளை நான் பெரிதாக நினைப்பதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அந்தத் தண்டனை அன்றைக்குத்தான்.

உனக்கு நடை வர இன்னும் வருஷங்கள் இருந்தன, ஆனாலும் அப்போதே நீ என் இடுப்பில் வருவதை நிறுத்திவிட்டாய். கம்பெனியில் ஈரத் தோல் இழுக்கும் தாழ்வான தள்ளுவண்டி ஒன்றை நான் கழிவு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தேனே, அதில் உன்னை உட்காரவைத்து இம்ரானும் மற்றவர்களும் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். நாற்றம் போகவே போகாது. நீ அதில் ராஜா மாதிரி போவாய். தெருமுனையில் திரும்பும்போது வண்டி ஒருபக்கம் தூக்கும், என் உயிர் போய்த் திரும்பி வரும். நான் தூக்க வந்தால், "வுடும்மா" என்பாய். உன் பேச்சில் எல்லோருக்கும் முதலில் புரிய ஆரம்பித்த சொல் அதுதான்.

படக்காரர்கள் வந்தது இந்தச் சமயத்தில். உடல் முடியாத பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கலாம் என்று ஊருக்குச் சொல்வதற்காக ஒரு படம் எடுக்கிறோம், உங்கள் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டோம் என்றார்கள். அந்த டைரக்டர் தம்பி நல்ல பையன். தாடி வைத்திருந்தான், நம் வீட்டு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தான். துண்டு விஷயத்தைக் கேட்டதும் அவன் கண் விரிந்துவிட்டது. அதையே முதலில் எடுத்தார்கள். துண்டைப் போட்டால் கேமராவில் துண்டு மட்டும்தான் தெரிந்தது. "துண்டை எடுத்துட்டு செய்யலாமா அக்கா?" என்றான். எடுத்தோம். இத்தனை கண்கள் கைமேல் விழுந்ததும் உன் விரல்கள் இறுகிப் பூட்டிக்கொண்டன. பார்க்கப் பார்க்க இன்னும் இறுகின. டீச்சர் இரண்டும் ஒன்றும் எவ்வளவு என்று கெஞ்சுகிறார், உன் கை திறக்கவே இல்லை. அதை எடுக்காதே என்று நான் சொல்வதற்குள் அந்தத் தம்பியே கேமராவை இறக்கிவிட்டான். அவனுக்கு அந்த மனசு இருந்தது.

அடுத்து வண்டியை எடுக்கலாம் என்று நான் சொன்னேன். பார்த்துவிட்டுத் தயங்கினான். "குப்பை வண்டி மாதிரி தெரியுதுக்கா. பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க. நீங்க தூக்கினு வர்ற மாதிரி எடுத்துக்கட்டுமா?" என்றான். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் வரை. உன் வகுப்பு மொத்தமும் மதில்மேல் ஏறி வேடிக்கை பார்த்தது. "இன்னொரு தடவை அக்கா", "வெயில் மாறிடுச்சு, இன்னொரு தடவை", "குறுக்க ஒருத்தர் சைக்கிள்ல போய்ட்டாரு, இன்னொரு தடவை". நீ தாடையை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி வந்தாய். படத்தில் குரல் கொடுப்பவர் அதைக் கூச்ச சுபாவம் என்கிறார். என் காதில் நீ சொன்னது எனக்கல்லவா தெரியும். "சீக்கிரம் போம்மா, இம்ரான் பாக்கறான்."

பெரியவனான பிறகு நீ என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாய், "ஏம்மா ஒத்துக்கினே?" என்று. கேட்ட சரக்கைக் கொடுப்பதுதானே வியாபாரம் என்று சொல்லி மழுப்பினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. நீ என் இடுப்பிலிருந்து இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உன் கனம், வேர்வை, என் தோளில் உன் முகவாய் இடிப்பது எதுவும் இல்லாமல் என் இடதுபக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தம்பி "இன்னொரு தடவை" என்று சொன்னபோதெல்லாம் எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போவது போல இருந்தது. அவன் "மெதுவா வாங்கக்கா" என்றான். அதை எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 'இந்தத் தாயின் தோள்கள் சுமப்பது ஒரு கனவை' என்று படத்தில் அந்தக் குரல் உருகுகிறது. தோளில்கூட இல்லை, இடுப்பில். கனவும் இல்லை, என் பிள்ளை. பார்க்கிற ஆசிரியர்கள் எல்லோரும் என் முகத்தில் கஷ்டத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறார்கள். நான் அன்றைக்கு ஊரிலேயே சந்தோஷமான பொம்பளை, பிரபு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினேன், அவ்வளவுதான்.

நீயே இப்போது இந்த மாதிரிப் படங்களை வெட்டி ஒட்டும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன். அம்மாக்களின் முகத்தைப் பார்த்து நீயாக எதையும் எழுதிவிடாதே. என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேள். உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம். அப்போதும் கேள்.

நீ புனேவுக்குப் போன பிறகு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. மற்றப் பிள்ளைகள் மாதிரி நீயும் ஆக வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? படிக்கிறார்கள், ஊரை விட்டுப் போகிறார்கள், "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறார்கள், கூப்பிடுவதில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. சரக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில் சோறு வடிக்கும்போது கை தானாக உனக்கும் சேர்த்து அரிசி அளக்கிறது. உன்னோடு தங்கியிருக்கும் பையன்களுக்கும் சேர்த்து வந்து சமைத்துப் போடுகிறேன் என்றதற்கு, "வேணாம்மா, நாங்க மூணு பேரும் பாத்துக்கறோம்" என்றாய். மூன்று பேரும் என்ன பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது நீ அனுப்பிய போட்டோவில் அந்தப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தே தெரிந்தது. குளியலறையில் வழுக்காத பாய் போடு. வீட்டுக்காரரிடம் வாடகை பேசும்போது முதல் விலையை நீ சொல்லாதே. உன் பேச்சு மெதுவாக வருவதைப் பார்த்து எதிராளி நடுவில் புகுந்து வாக்கியத்தை முடித்துவைப்பான். விட்டுவிடாதே. மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. அவனுக்கு அவசரம் என்றால் விலையை இறக்குவான்.

இந்த நாட்களில் எனக்கு அந்தப் படம் எப்படித் துணையாக இருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சி, பெற்றோர் கூட்டம் என்று எங்கே போட்டாலும் 'படத்து அம்மா'வைக் கூப்பிடுவார்கள். என் போனில் உள்ள படத்தில் நீ கட்டைவிரல் உயரம். கூட்டத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டால் சுவர் முழுக்க நீ. முடிகிற இடத்தில் என் செருப்பு நழுவி நான் தடுமாறுவேன், தாடையை இறுக்கிக்கொண்டிருந்த நீ அடக்க முடியாமல் சிரித்துவிடுவாய். அந்த ஒரு சிரிப்பு சுவரை நிரப்பி வரும். அதற்காக நான் ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன். என் போனில் உள்ளதை நானே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னாய். சுவரை யார் கொடுப்பார்கள்? இதுதான் நான் இழுத்தடித்ததற்குக் காரணம்.

போன மாதம் என் தோல் கொட்டகைக்கு ஒரு பெண் வந்தாள். செல்வி என்று பெயர், கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் கூலி. இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. நான்காவது படிக்கிறதாம், கால் இரண்டும் செல்வியின் முட்டிவரை தொங்குகிறது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படத்துல பாத்தேன்க்கா. உங்களைப் பாத்துதான் இவளை ஸ்கூல்ல சேத்தேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு கேக்கணும்க்கா. உங்களால எப்படி முடிஞ்சுது? எனக்கு இடுப்பு போய்டுச்சு. காலைல கொண்டுபோய் வுடணும், மத்தியானம் பாத்ரூமுக்கு இட்டுனு போவணும், சாயங்காலம் தூக்கியாரணும். வேலைக்குப் போய் ரொம்ப நாளாச்சு" என்றாள்.

"வாசல்ல படி இருந்தா சாய்வா ஒரு தளம் போடச் சொல்லேன். சக்கர நாற்காலி தருவாங்களே, அதுல போவட்டுமே" என்றேன்.

"நாற்காலி குடுத்துட்டாங்கக்கா, வீட்ல கீது. ஸ்கூல்ல அஞ்சாறு படி. கேட்டேன். 'படத்துல அந்தம்மா எவ்ளோ அழகா தூக்கினு வருது பாத்தியா, அந்த மாதிரி தூக்கினு வாம்மா'ன்னாங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், தாடையை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். சுவர் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பார்த்து ரசித்திருக்கிறேன்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு செல்வியோடு அந்தப் பள்ளிக்கே போனேன். தலைமை ஆசிரியர் என்னை அடையாளம் கண்டு எழுந்துவிட்டார். "அம்மா, நீங்க அந்தப் படத்துல..." என்று கை கூப்பினார். "ஆமா சார். அது ஷூட்டிங்" என்றேன். "எது?" என்றார். "தூக்கினு போனது. நெசத்துல என் புள்ள தோல் வண்டியில போச்சு. பசங்க தள்ளினு போவானுங்க. இடுப்புல தூக்குனா அவனுக்குப் புடிக்கவே புடிக்காது. அதைப் பாத்து நீங்க இந்தப் பொண்ணைத் தூக்கச் சொன்னா எப்படி?" என்றேன். மனிதர் எழுந்து போய் வாசல் படியைப் பார்த்துவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை, படத்தை நம்பியவர். என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்றார். நேற்று செல்வி போன் செய்தாள், சிமென்ட் மூட்டை வந்து இறங்கியிருக்கிறதாம். இறங்கியதை நான் நம்ப மாட்டேன், பூசிக் காய்ந்ததைப் பார்த்தால்தான் நம்புவேன். அடுத்த வாரம் போய்ப் பார்க்கப்போகிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை, ஆனால் நான் தலைமை ஆசிரியரிடம் சத்தம் போட்டபோது அவள் தாடை கொஞ்சம் தளர்ந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "அந்தப் படம் ஸ்கூலை மாத்தச் சொல்லலம்மா, அம்மாவை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லுது." அன்றைக்கு நான் அதைப் படித்தவன் பேச்சு என்று ஒதுக்கினேன். செல்வியின் இடுப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஏறியது. அந்தப் படத்தால் நான்கு பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. அந்தத் தாடித் தம்பியைத் திட்டியும் பேசாதே. அவன் கேமராவை இறக்கியவன். ஆனால் அந்தப் படம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. இனி வேறு படம் வேண்டும். நீ எடுக்கும் படத்தில் வண்டி நாறட்டும். பிள்ளைகள் காப்பி அடிக்கட்டும், மாட்டிக்கொண்டு காதைப் பிடிக்கட்டும். துண்டுக்குள் நடப்பதைக் காட்ட முடியாது என்றால் விட்டுவிடு, வெளியே உட்கார்ந்து சிரிக்கும் பாயின் முகத்தைக் காட்டு, போதும்.

இடது ஷூவுக்குள் கை விட்டுப் பார். நீ கேட்ட ஒரு வரி இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். விலை பேசாமல் சரக்கை அனுப்பும் ஆள் இல்லை நான். நம்பிக்கையான பார்ட்டி என்பதால் முன்னாலேயே அனுப்பிவிட்டேன், விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஆனால் விலை உண்டு. அதைப் போனில் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன், நாலு பேர் படிப்பார்கள். எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று ஆபீசில் கேட்டு வைத்துக்கொள். அதற்குமேல் நீ ஒன்றும் யூகிக்க வேண்டாம்.

அந்தப் பழைய துண்டு ஓரம் பிரிந்துபோயிருந்தது. மடித்துத் தைத்து, தோய்த்து, கொடியில் போட்டிருக்கிறேன். இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வா. வந்து கையை உள்ளே விடு, நான் விரலைப் பிடித்துச் சொல்கிறேன். நீ என் பிள்ளை, கம்மியாகத்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்து ஜாஸ்தியாகவே வைத்திருக்கிறேன்.

அம்மா